நெஷனல் காக்காவின் சிவப்புக் கதிரை

கூடைப்பந்தை ஒருமுறைகூட வளையத்துக்குள் போட்டறியாமல், அந்த விளையாட்டின் மானத்துக்காக நெஷனல் காக்காவைப் போல மல்லுக்கட்டிய மனிதர் இந்தத் தீவில் மட்டுமல்ல, தீவைச் சுற்றியுள்ள கடலிலும் கிடையாது. ஆள் எங்கள் தோளுக்குக் கீழே நிற்பார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் சந்தையில் பூசணிக்காய் வாங்கி வந்தவர் போல இருக்கும். ஆனால் கல்முனைக் கரையில் நான்கு சின்னக் கல்லூரிகளைச் சேர்த்து ஒரு கூடைப்பந்துச் சம்மேளனம் நடந்ததென்றால், அது அவரால்தான் நடந்தது.

காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். வாப்பாவும் உம்மாவும் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வாயில் எந்தப் பேச்சும் 'நெஷனல் லெவல்' இல்லாமல் முடியாது. பஸ் டிப்போவுக்கு எதிரே குடித்த தேத்தண்ணி நன்றாக இருந்தால் அது நெஷனல் லெவல் தேத்தண்ணி. மருமகள் ஆக்கிய மீன் ஆணம் மட்டும் நெஷனல் லெவலுக்கு ஒரு சொட்டுக் குறைவு. இதை அவர் மருமகளிடமே சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் பகல் சோற்றைக் கடையில் சாப்பிட்டார் என்று கேள்வி.

தொழில் குஷன் கடை. சாய்ந்தமருதில் ஓடுகிற முச்சக்கர வண்டிகளில் பாதிக்கு இருக்கை தைத்தவர் அவர்தான். மீந்துபோன ரெக்சீனை வெட்டி எங்கள் பந்துகளுக்கு ஒட்டுப் போடுவார். ஒரு பருவம் முழுவதும் நாங்கள் புலித்தோல் டிசைன் ஒட்டுப் போட்ட பந்தில் விளையாடினோம். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று எறிந்தவனுக்கும் தெரியாது, தடுக்க வந்தவனுக்கும் தெரியாது. அதனால் ஆட்டம் நியாயமாகவே இருந்தது.

உயரமான இளைஞனைக் கண்டுவிட்டால் காக்காவுக்குக் கண் வேறெங்கும் போகாது. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை நல்ல நெடுவலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நேரே பெண்ணின் வாப்பாவிடம் போய், மாப்பிள்ளை இன்னும் படிக்கிற எண்ணம் உள்ளவரா, சனிக்கிழமை பின்னேரங்களில் என்ன செய்கிறவர் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். அந்த மனிதர் நிறம் மாறிப்போய், மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சனிக்கிழமைக்குக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டுச் சஹன் தட்டுகளை வைக்கிற நேரத்தில் காக்காவை ஆளாளுக்குத் தேடினார்கள். காக்கா அதற்குள் அடுத்த கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்.

இனி அந்த நான்கு கல்லூரிகள். சாய்ந்தமருதில் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று. கல்முனையில், தேவாலயத்துப் பக்கம், தமிழ்க் கிறிஸ்தவப் பொடியன்மார் கூடுதலாகப் படித்த கணக்கியல் கல்லூரி ஒன்று. ஹோட்டல் வேலை பழக்குகிற கல்லூரி ஒன்று. அவர்கள் எப்போதும் தோற்பார்கள், ஆனால் வரும்போது ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சூப் கொண்டு வருவதால் அவர்களை யாரும் வெறுத்ததில்லை. நற்பிட்டிமுனையில் வயலோரத்தில் ஒரு விவசாயக் கல்லூரி. எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே சீமெந்து மைதானம் அங்கேதான் இருந்தது. நான் எங்கள் அணியில் ஏழாவது ஆள். ஐந்து பேர் விளையாடுகிற விளையாட்டில் ஏழாவது ஆளின் வேலை தண்ணீர்ப் போத்தல் தூக்குவது. அதை நான் திறமையாகவே செய்தேன்.

போட்டி நாளில் காக்கா ஒரு முச்சக்கர வண்டியின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து வர்ணனை செய்வார். மைதானத்தைச் சுற்றிக் கொஞ்சம் மாணவர்களும் நிறைய ஆடுகளும் நிற்கும். காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இலங்கை வாழ் ரசிகப் பெருமக்களே" என்று தொடங்குவார். ஆடுகள்தான் முதலில் திரும்பிப் பார்க்கும்.

பாங்கு சொன்னால் பந்தை அது இருந்த இடத்தில் அப்படியே தரையில் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் சம்மேளனத்தின் சட்டம். நாங்கள் தொழுதுவிட்டு வரும்வரை கணக்கியல் கல்லூரிக்காரர்கள் ஆடு முட்டிவிடாமல் பந்துக்குக் காவல் நிற்பார்கள். ஓர் அங்குலம் தங்களுக்குச் சாதகமாக அவர்கள் அதை நகர்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உலகக் கூடைப்பந்துக்கு இந்தச் சட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று காக்கா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, விஷயம் அவ்வளவு சிரிப்பல்ல. எங்களிடம் சம்பியனாகிற அணிக்கு அதற்கு மேல் போக இடம் கிடையாது. அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்பில் ஆள் எடுக்கும்போது எங்கள் சம்மேளனத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய் வீட்டு அலுமாரியின் மேல் வைப்பார்கள், படிப்பு முடிந்ததும் கத்தாருக்குப் போவார்கள். தான் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்று தெரியாமலே ஒருவன் பந்தைக் கீழே வைத்துவிடுவதைக் காக்காவால் தாங்க முடியவில்லை. அதற்காகக் கொழும்பிலுள்ள பெரிய சங்கத்தின் அதிகாரிக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டே இருந்தார். பின்னால் தையல் மெசின் கடகடக்கும். ஒருமுறை நான் கடையில் இருக்கும்போதே ஒன்று அனுப்பினார்.

"சேர், நாங்க வெல்லுறதுக்கு இடம் கேக்கல்ல. கொழும்புக்கு வந்து தோக்கிறதுக்கு ஒரு இடம் தாங்க."

அந்தக் குரலைக் கேட்டு மனமிரங்கினார்களோ, மெசின் சத்தம் தாங்காமல் விட்டார்களோ, கடைசியில் ஒரு கண்காணிப்பாளரை அனுப்பச் சம்மதித்தார்கள். அவர் வந்து எங்கள் இறுதிப் போட்டியைப் பார்ப்பார். ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் அடுத்த வருஷம் ஓர் இடம் உண்டு. திகதியை அவர்களே குறித்தார்கள். சின்னப்போக அறுவடை முடிந்திருக்கும் நேரம் என்பதால் காக்காவும் ஓம் என்றார்.

அறுவடைக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த மைதானம் போடுகிற காலத்தில் மண்ணும் கல்லும் இல்லாமல் வேலை பாதியில் நின்றது. சுற்றியிருந்த வயல்காரர்கள்தான் உழவு மெசின்களில் மண் கொண்டுவந்து கொட்டி, கூடவே நின்று வேலையும் செய்தார்கள். பதிலுக்குக் காக்கா அவர்களுடைய கூட்டத்தில் எழும்பி நின்று வாக்குக் கொடுத்தார்: அறுவடைக் காலத்தில் அந்தச் சீமெந்தில் நெல்தான் முதல், நெல் கிடந்தால் பந்து இறங்காது.

கண்காணிக்க வரப்போகும் கொழும்புச் சேருக்காகக் காக்கா ஒரு கதிரை செய்தார். முச்சக்கர வண்டி இருக்கை போலவே, சிவப்பு ரெக்சீன், ஓரத்தில் வெள்ளை நூல், முதுகுக்கு இரட்டைப் பஞ்சு. அதில் உட்காருகிற ஒருவரால் எங்களைப் பற்றிக் கெட்டதாக எழுத முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். கோடுகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். ஹோட்டல் கல்லூரிக்காரர்கள் சூப்போடு கட்லட்டும் செய்வதாகச் சொன்னார்கள்.

முதல்நாள் இரவு காலம் தப்பி மழை கொட்டியது. காலையில் கதிரையோடும் ஒலிபெருக்கியோடும் போய் இறங்கினால், மைதானம் முழுக்க நெல். எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையான ஹலீமா ராத்தா குத்தகைக்கு எடுத்த பக்கத்து வயலுக்கு அறுவடை மெசின் பிந்தி வந்திருக்கிறது. வெட்டிக் கட்டின மூட்டைகள் மழையில் நனைந்துவிட்டன. அன்றைக்குள் காயாவிட்டால் நெல் முளைவிடும், மில்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். ராத்தா விடியவே வந்து கொட்டிப் பரவியிருந்தார். இரண்டு வளையங்களும் நெல்லுக்கு மேலே நின்றன.

கொழும்புச் சேர் நேரத்துக்கு வந்தார். நல்ல மனிதர், தமிழ் தெரிந்தவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மைதானம் எங்கே என்று கேட்டார்.

"கீழ இரிக்கி சேர்," என்றார் காக்கா.

விஷயத்தைக் கேட்டுவிட்டு சேர் யோசனை சொன்னார். பொடியன்மார் இத்தனை பேர் நிற்கிறார்கள், நெல்லை அள்ளி ஒரு மூலையில் படங்கு போட்டு மூடிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். அவர் மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். மூடி வைத்தால் ஈரநெல் அவிந்துவிடும் என்று கொழும்புக்காரருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனாலும் எங்களில் சிலர் அள்ளத் தயாராகத்தான் நின்றோம். ஹலீமா ராத்தா நெல் தள்ளுகிற பலகையை எடுத்துத் தானே நெல்லைக் கூட்டத் தொடங்கினார்.

"நான் அள்ளிக்கிறன் காக்கா. உங்கட ஆக்கள் தூரத்தில இருந்து வந்திரிக்காங்க."

காக்கா நெல்லுக்குள் இறங்கிப் போய் அந்தப் பலகையை வாங்கினார். இத்தனை வருஷமாக அவர் கேட்ட இடம் பலகையால் ஒரு தள்ளுத் தள்ளினால் கிடைத்துவிடும். ராத்தா கூட்டின நெல்லை அவர் திரும்பவும் பரவினார். பிறகு பலகையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"சேர், இந்தச் சீமெந்துக்கு மண் தந்தது இவங்க. நெல்லுக் கிடந்தா பந்து இறங்காது எண்டு நான் வாக்குக் குடுத்திரிக்கன். கொழும்புல எங்களுக்கு மதிப்பில்ல, அது சரி. இஞ்ச கொஞ்சம் இரிக்கி. அதையும் அள்ளி மூலையில போடவா?"

சேர் சிவப்புக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எந்தச் சம்மேளனத்திலும் நடந்திருக்காது. நான்கு அணிகளும் பனியனைக் கழற்றாமல், வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கிக் காலால் கிண்டிக் கிண்டி நடந்தோம். சுணை ஏறி எல்லோரும் சொறிந்துகொண்டே நடந்தோம். காக்கா ஒலிபெருக்கியில், நெஷனல் லெவலில் காயவேண்டிய நெல் இது, வேகம் போதாது என்று அதட்டினார். சேர் கட்லட் சாப்பிட்டார், சூப் குடித்தார், வானத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். வெயிலோ வருவதும் ஒளிவதுமாக எங்களோடு விளையாடியது. மூன்று மணிக்குக் கடித்துப் பார்த்தபோது நெல் இன்னும் ஈரம் போகாமல் பல்லுக்கு மெத்தென்றுதான் இருந்தது.

சேர் எழும்பிக் காக்காவின் கையைப் பிடித்தார். "நீங்க செஞ்சது சரி," என்றார். "ஆனா நான் மெட்ச் பாக்கல்லயே. பாக்காதத எப்படி எழுதுறது?" காக்கா அதையும் சரி என்றே ஒப்புக்கொண்டார். சேர் ஏறிப்போன வான் வண்டி தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நெல்லைக் கிண்ட வந்தார்.

பின்னேர வெயில் ஒளியாமல் அடித்து நெல் காய்ந்ததும், அஸர் தொழுகைக்குப் பிறகு அதை மூட்டை கட்டி, தரையைக் கூட்டி, இறுதிப் போட்டியை நடத்தினோம். செய்தி பரவி, கூடைப்பந்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காத வயல்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நெல் மூட்டைகள்தான் அவர்களுக்கு ஆசனம். ஹலீமா ராத்தா நடுவே இருந்தார். காக்கா தொண்டையைச் செருமினார். ஆனால் வழக்கமான வசனம் வரவில்லை. மூட்டைகளில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "நற்பிட்டிமுனை வாழ் ரசிகப் பெருமக்களே" என்று தொடங்கினார். நாங்கள் கணக்கியல் கல்லூரியிடம் தோற்றோம். அதைப் போல ஓர் ஆட்டத்தை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. காக்கா இன்னும் குரல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். சிவப்புக் கதிரையைப் பொலித்தீனால் மூடி, ஒவ்வோர் இறுதிப் போட்டிக்கும் கொண்டுவந்து நடுக்கோட்டுக்கு நேரே வைக்கிறார். அது கொழும்பிலிருந்து வருகிறவருக்கு. ஒருமுறை ஊர் அரசியல்வாதி ஒருவர் அதில் உட்காரப் போக, அவருக்கு மரியாதையாக ஒரு பிளாஸ்டிக் கதிரை காட்டப்பட்டது.

நான் இப்போது கொழும்பில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க். போன வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது இறுதிப் போட்டி என்று கேள்விப்பட்டு நற்பிட்டிமுனைக்குப் போனேன். காக்காவின் தாடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதிரையின் பொலித்தீனை உரிக்கத் தொடங்கினார்.

"இதில இரி மனே."

"காக்கா, இது கொழும்புல இருந்து வாற ஆளுக்கல்லவா?"

"நீ எங்க இருந்து வாறாய்?"

"கொழும்புல இருந்துதான். ஆனா நான் சும்மா ஒரு கிளார்க்."

"அத ஆரு கேட்ட? இரி."

உட்கார்ந்தேன். முதுகுப் பஞ்சு இன்னும் அமுங்காமல் இருந்தது. ஒலிபெருக்கியில் காக்காவின் குரல் வந்தது: எமது இறுதிப் போட்டியைக் கண்காணிப்பதற்காகக் கொழும்பிலிருந்து வருகை தந்திருக்கும் நெஷனல் லெவல் பிரமுகரை வரவேற்கிறோம். வயல்காரர்கள் கைதட்டினார்கள். ஆடுகள் திரும்பிப் பார்த்தன. ஒருகாலத்தில் தண்ணீர்ப் போத்தல் தூக்கினவன் எழும்பி நின்று கையை ஆட்டினான்.

கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் காக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டேன். அவருடைய ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவன் வரவேண்டும், அவ்வளவுதானே? இந்த வருஷத்துக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.