ஸ்பீக்கரில் வந்த முரண்பாடு

கூட்டத்தில் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் ஒரு வகை. நான் மற்ற வகை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நான்கு பேரோடு தொழிற்சங்கத்தின் மாடி அறையில் உட்கார்ந்து மார்க்சியம் படிப்பேன். பத்து மாதமாகியும் எங்கள் ஐந்து பேர் ஆறு பேராகவில்லை. சங்கச் செயலாளர் மணியண்ணன் ஒரு நாள் கூப்பிட்டார்.

"அம்மணி, தையல் கிளாசுக்கு அந்த ரூமைக் கேக்கறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஒரு கூட்டம் போடுங்க, நம்ம லேத் பட்டறை ஆளுங்களக் கூட்டியாறேன். புதுசாப் பத்துப் பேரு பேரு குடுத்தா ரூமு உங்களுக்கு. இல்லீன்னா தையலுக்கு."

"பத்தென்னங்கண்ணா, இருபதே வாங்கிப்போடலாங்க," என்றேன்.

தலைப்பு, 'காலனிய நீக்கம், தேசியம், அடையாளம்: ஓர் இயங்கியல் பார்வை'. நாற்பத்திரண்டு ஸ்லைடு. எந்த ஸ்லைடுக்கு எத்தனை நிமிடம், எங்கே தண்ணீர் குடிப்பது என்பதுவரை எக்செல் ஷீட் போட்டேன். (ஏழாவது ஸ்லைடுக்குப் பக்கத்தில் 'கைதட்டல், பத்து நொடி' என்று ஒதுக்கியிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

வந்தவர்கள் இருபத்தாறு பேர். அத்தனை பேரும் ஒடிசாவிலிருந்து வந்து பட்டறைகளில் வேலை செய்பவர்கள். இதற்கு என் ஷீட்டில் கட்டம் இல்லை. இருந்தாலும் ஆரம்பித்தேன்.

எந்தப் பொருளுக்குள்ளும் எதிரெதிரான இரண்டு இழுப்புகள் இருக்கும், அந்த மோதலில்தான் அது மாறும் என்றேன். வெள்ளைக்காரனை எதிர்த்தபோது விடுதலைக்கு உதவிய தேசியம், அவன் போன பிறகு உள்ளே இருப்பவர்களைப் பிரிக்கும் வேலியாகவும் மாறலாம் என்றேன். அதுவரை சரிதான். அடுத்த ஸ்லைடிலேயே நானே ஒரு வேலி போட்டேன். 'நம் மண், நம் மொழி, ஒற்றை அடையாளம்.' வந்து சேரும் மொழிகளால் அந்த அடையாளம் கரைகிறது என்று கவலைப்பட்டேன். ஆங்கில மோகமே நம் கடைசிக் கைவிலங்கு என்று மேசையைத் தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது.

ஆரம்பத்தில் பாட்டுப் போடுவதற்காக அதை ஸ்பீக்கரோடு இணைத்து அறையின் பின்கோடியில் வைத்திருந்தேன். ஸ்கூட்டர் ஓட்டும்போது வசதிக்காக, அழைப்பு வந்தால் தானே எடுக்கும்படியும் அமைத்திருந்தேன். (பொறியாளர் அல்லவா.)

"ஏமே, எக்கட உன்னாவு?" என்றது ஸ்பீக்கர்.

அம்மா. நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பல தலைமுறைகளாகக் கோயம்புத்தூர்தான் என்றாலும் அடுப்படியில் இன்றும் தெலுங்குதான். இந்தத் தகவல் நாற்பத்திரண்டு ஸ்லைடில் எதிலும் இல்லை.

நான் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினேன். அம்மா தெலுங்கில் நிதானமாகத் தொடர்ந்தார். லண்டன் காலேஜுக்காக எழுதிய இங்கிலீஷ் பரீட்சையில் நான் ஒன்பதுக்கு எட்டு வாங்கிவிட்டேனாம். ராத்திரி பகலாகக் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக்காரி மாதிரி பேசிப் பழகியது வீண்போகவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. நான் ஸ்பீக்கரை அணைக்கப்போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். தேங்காய் தெருவுக்கே கேட்டது.

அறையே சிரித்தது. பிரஃபுல்லா என்பவர் எழுந்தார். சிங்காநல்லூரில் ஒன்பது வருடமாக லேத் ஓட்டுகிறவர்.

"ஏனுங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க எல்லாத்துக்கும் ஊரு ஆந்திரா பார்டருங்க, தெலுங்கு வருமுங்க. நீங்க பேசுனது எனக்குத்தான் கொஞ்சம் புரிஞ்சுது, இவங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. அம்மா பேசுனது எல்லாத்துக்கும் புரிஞ்சுதுங்க."

"அது… பரீட்சை சும்மா எழுதிப் பாத்ததுங்க."

"சும்மாவா கண்ணாடி முன்னாடி நிப்பாங்க? நாங்க இங்க வந்தா உங்க அடையாளம் கரையுதுங்கறீங்க. நீங்க லண்டன் போனா தேங்கா ஒடைக்கறாங்க. ரெண்டு இழுப்புன்னீங்களே, அது இதுதானுங்களா?"

இதற்குள் அம்மா "எவரு அதி?", யார் அது, என்று கேட்க, பிரஃபுல்லா தெலுங்கிலேயே பதில் சொன்னார். சாப்பிட்டார்களா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று அம்மா ஒவ்வொருவராக விசாரித்தார். நான் ஸ்லைடு மாற்றும் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றேன். மணியண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை போனது போனதுதான்.

அம்மா ஒருவழியாக வைத்ததும் லேப்டாப்பை மூடினேன்.

"ஒற்றை அடையாளம்னு போட்டது தப்புங்க. என் ஊட்டுலயே ரெண்டு இருக்குது. உங்களுக்கு எத்தன?" என்று கேட்டேன்.

அதன்பிறகு என்னைப் பேசவிடவில்லை. பிரஃபுல்லாவின் மகள் பூனையைக்கூடத் தமிழில்தான் திட்டுகிறாளாம். ஒடியாவில் பேசினால், "அப்பா, மனுசங்களாட்டப் பேசுங்க" என்கிறாளாம். இன்னொருவர், "இங்க நான் ஹிந்திக்காரனுங்க. எனக்கு ஹிந்தியே வராது. ஊருக்குப் போனா மதராசிங்கறாங்க," என்றார். பிரஃபுல்லா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு முடிவதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் யாரும் கொட்டாவி விடவில்லை.

மணியண்ணன் நோட்டை நீட்டினார். பிரஃபுல்லா பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"பேரு தாரோமுங்க. ஆனா அடுத்த வாரம் அம்மா வரோணும்."

பதினேழு பெயர்கள். ஒடியா, தெலுங்கு, தமிழ் என மூன்று எழுத்துகளில். மணியண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டு, "தையலுக்கு வேற ரூமு பாக்கறேன்," என்று இறங்கிப்போனார்.

அம்மா அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நான் லண்டன் போய் ஒரு வருடம் படித்துத் திரும்பியபோது ஞாயிறு வகுப்பே அவர் கையில் இருந்தது. வீட்டில் நான் எந்தக் கருத்தைச் சொல்ல ஆரம்பித்தாலும், "கொஞ்சம் இரு, உன் அம்மா ஃபோன் பண்ணட்டும்," என்கிறார் அப்பா. இப்போதும்தான்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு மாடி ஏறினேன். வாசலில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த புதியவருக்கு என்னைத் தெரியவில்லை. "நீங்க யாருங்க?" என்றார். என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள், உள்ளேயிருந்து பிரஃபுல்லாவின் குரல் கேட்டது.

"உடுங்க, அது அம்மாவோட பொண்ணு."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.