காருக்கு லெக்கிங்ஸ் தைத்த மாமன்

மனிதர்களில் மைலேஜ்காரர் என்று ஓர் இனம் உண்டு. தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் வீதியில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் மாமனார் வீட்டில் நிச்சயம் இருப்பார். நீங்கள் புதுக் கார் வாங்கி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருக்கும்போது, வண்டியின் நிறத்தையும் பார்க்காமல், நீட்டிய இனிப்பையும் எடுக்காமல், "லிட்டருக்கு என்ன குடுக்குதுங்க?" என்று கேட்பவர்தான் அவர். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் முகத்தில் உங்கள்மேல் ஓர் இரக்கம் படரும். எழவு வீட்டுக்குப் போனாலும், போனவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, அவர் விட்டுப்போன வண்டி என்ன கொடுத்தது என்று மகனிடம் விசாரிப்பார்.

இவருக்குக் கோயில், பெட்ரோல் பங்க்தான். கழுத்துவரை நிரப்பச் சொல்வார். நிரம்பியதும் இறங்கி, வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவார். டேங்குக்குள் இருக்கும் காற்று வெளியே போக வேண்டுமாம். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அதெல்லாம் அவர் காதில் விழுமா? இன்னும் நாலு சொட்டுப் பிடிக்கும் என்று மறுபடி குலுக்குவார்.

மற்ற ஊர்களில் இந்த நோய் இதோடு நின்றுவிடும். எங்கள் திருப்பூரில் நிற்காது. ஊர் முழுக்கத் துணியும் அட்டைப்பெட்டியும் கம் டேப்பும் தையல் மெஷினும் கிடக்கும்போது கை சும்மா இருக்குமா? என் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனி முதலாளி சசிகுமார் ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஓடுகிற காரைக் காற்றுத்தான் பிடித்து இழுக்கிறது, அதனால்தான் பெட்ரோல் தீர்கிறது என்று யாரோ அதில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கும் காற்றுக்கும் பங்காளித் தகராறு.

முதலில் பக்கவாட்டுக் கண்ணாடிகள் போயின. காற்றைத் தடுக்கின்றனவாம். பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மனைவி வர்ஷினிக்கு வந்தது. அடுத்து, எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி நாலு சக்கரத்துக்கும் மூடி போட்டார்; 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி பகலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு முன்பக்கம் இஞ்சினுக்குக் காற்று நுழையும் ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்தார். எடை குறைய வேண்டும் என்று ஸ்டெப்னி இறங்கியது, ஜாக்கி இறங்கியது, தண்ணீர் பாட்டிலும் இறங்கியது.

கடைசியாகத்தான் அந்த வால். காருக்குப் பின்னால் கூம்பு மாதிரி ஒரு வால் இருந்தால் காற்று நழுவிப் போய்விடுமாம். பிளாஸ்டிக் குழாயில் சட்டம் கட்டினார். மேலே போர்த்த என்ன துணி? உடம்போடு ஒட்டி, சுருக்கம் விழாமல், எந்தப் பக்கம் இழுத்தாலும் நீண்டு கொடுக்கிற துணி அவர் கம்பெனியில் குவிந்து கிடந்தது. லெக்கிங்ஸ் துணி. பேட்டர்ன் மாஸ்டர் முனீஸ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டேப்பை எடுத்துக் காரின் இடுப்பு அளவை எடுத்துவிட்டு, "ஏன் முதலாளி, இதுக்கு சைஸ் லேபிள் என்ன போடுதது?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். முதலாளியும் சிரிக்காமல், "லேபிள் வேண்டாமுங்க, எடை கூடும்" என்றார்.

இந்த நேரத்தில்தான் சசிகுமாரின் தங்கை நித்யஸ்ரீயின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. தாராபுரம் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அழைக்க வந்தபோது நித்யஸ்ரீ என் எதிரிலேயே சொன்னாள்: "அப்பாவும் இல்லீங்ணா. எங்க மாமனார் ஊட்டு சனத்துக்கு முன்னால எனக்குன்னு வந்து உக்கார்றது நீங்க ஒருத்தருதான். நேரத்துக்கு வந்துருங்க."

"அட, நான் வராம யாரு அம்மிணி வருவா?" என்றார் சசிகுமார்.

அன்று காலை நானும் அவர் காரில் வருகிறேன் என்றேன். என் எடை என்ன என்று கேட்டார். நான் பஸ்ஸில் போனேன்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. அவிநாசிபாளையம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு காட்சி. நிறைமாதக் கர்ப்பிணி போல வயிறு வீங்கிய ஒரு கார். லெக்கிங்ஸ் உள்ளே கால் இருக்கும்வரை ஒட்டும், காற்றுப் புகுந்தால்? எந்தப் பக்கமும் கொடுக்கிற துணி எல்லாப் பக்கமும் கொடுத்து உப்பிவிட்டது. அது பின்னால் இழுக்க, அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, முன்னால் அட்டை அடைத்த இஞ்சின் மூச்சுவிட வழியில்லாமல் கொதிக்க, புகை கிளம்பி வண்டி ஓரமாக நின்றது. ஊற்றத் தண்ணீர்? அதுதான் எடையாயிற்றே.

பஸ் டிரைவர் பாவம் பார்த்து நிறுத்தினார். வர்ஷினி சீர்த்தட்டோடும் குழந்தையின் தோட்டோடும் இறங்கி நின்றாள். "ஏனுங்க, பஸ்ஸு நிக்குது, வாங்க. நேரமாகுது."

"நீ போ. இங்க உட்டுட்டு வந்தா எவனாச்சும் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பான். காலைல கழுத்துவரைக்கும் ரொப்புனதுல இருந்து போட்டுட்டு வர்ற டேங்க் டு டேங்க் கணக்கு பூராக் கெட்டுப்போயிரும்."

"மாமன் மடி இல்லாம எப்படிங்க காது குத்துவாங்க?"

"இஞ்சின் ஆறுனதும் பின்னாலயே வந்தர்றேன்."

வர்ஷினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நானாக இருந்தால் காரையே கொளுத்திவிட்டு ஏறியிருப்பேன். அவள் மட்டும் ஏறினாள்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். நித்யஸ்ரீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல நேரம் முடியப் போவுதுங்களே, உங்கண்ணனக் காணமே?" என்று மாமனார் சாமியப்பன் சத்தமாகவே கேட்டார். "இன்னொரு அஞ்சு நிமிசமுங்க மாமா" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை அவர் கேட்டதும் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். கடைசியில் வர்ஷினி மடியில்தான் குழந்தையை உட்கார வைத்தார்கள். அதுவரை சும்மா இருந்த பெண்கள் எல்லாம் ஒருவர் காதில் ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். யாழினி வீறிட்டு அழுதாள், அவள் அம்மாவும் அழுதாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இரண்டாம் பந்தியில் மாமன் வந்தார். ஒரு டெம்போ கயிறு கட்டி அவர் காரை இழுத்து வந்தது. நித்யஸ்ரீ எதிரே போனாள். "வாங்க, இலை போட்டிருக்குது, சாப்புடுங்க" என்றாள். வந்திருந்த எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள். அண்ணா என்ற சொல் அதில் இல்லை. அவர் அதைக் கவனித்தாரா? என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கண்ணில் ஒளியோடு என் காதில் ஓர் எண்ணைச் சொன்னார்.

"லிட்டருக்குங்களா?" என்றேன்.

"லிட்டருக்குத்தானுங்க!"

"பாதித் தூரம் டெம்போ இழுத்துட்டு வந்துச்சே?"

"சாவி போட்டுத்தான இருந்துச்சு, மீட்டர் ஓடுச்சில்லீங்க? பெட்ரோல் செலவானதா? இல்லீல்ல? அப்புறம் என்னங்க!"

எதிர் இலையில் இருந்த சாமியப்பன் அதுவரை அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கறுவிக்கொண்டிருந்தவர், பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து, "எவ்வளவுங்க சொன்னீங்க?" என்றார்.

அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. யாழினிக்குக் காது ஆறிவிட்டதா, நித்யஸ்ரீ அண்ணனோடு பேசுகிறாளா என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஆனால் உங்கள் வாயில் இப்போது நிற்கிற கேள்வி அதுவா?