தீர்த்தகிரியின் சாமைக் குழி

கரடியிடமிருந்து தப்பி ஓடி வந்த பெண்ணைப் பார்த்தால் ஊர் பதற வேண்டும். புங்கங்காட்டில் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். அந்தி சாயும் நேரத்தில் தீர்த்தகிரியின் மனைவி செந்தாமரை சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடைக்கரைப் புதர்ப் பக்கம் ஒதுங்கப் போனாள். அதே புதருக்கு ஒரு கரடியும் ஏதோ சொந்த வேலையாக வந்திருந்தது. சொம்பைக் கரடிக்கு விட்டுவிட்டு, புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு, கோயில் முன்னால் ஆண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த வழியாகவே அவள் ஓடி வந்து வீட்டுக்குள் விழுந்தாள். ஜவ்வாது மலையில் கரடி ஒன்றும் புதிதில்லை. அவள் ஓடின கோலம்தான் ஊருக்குப் புதிது. அந்தக் கூட்டத்தில் தீர்த்தகிரியும் இருந்தான். எல்லாரும் சிரித்தபோது அவன் எழுந்து ஓடி வரவில்லை. ஓடுவது யார் வீட்டுப் பெண் என்று தெரியாதவன் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், கரடி சொம்பைத் திருப்பிக் கொடுத்ததா என்று செந்தாமரையை விசாரித்தார்கள். அவளுக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. அமிர்தியில் ஃபாரஸ்ட் கார்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தங்கை வீட்டுப் பின்கட்டில் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்கு ஆசை. இப்போது ஆசை போய்ப் பிடிவாதம் வந்துவிட்டது.

“ஒரு கக்கூசு கட்டித் தா மாமா. இல்லன்னா எந்தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்றேன். அங்க மானத்தோடயாவது இருப்பேன்.”

கட்டித் தருகிறேன், இது சத்தியம் என்று தீர்த்தகிரி அவள் உள்ளங்கையில் அடித்தான். சத்தியம் செய்வதில் அவனுக்கு எந்தக் காலத்திலும் சிரமம் இருந்ததில்லை. கையை எடுத்த பிறகுதான் யோசித்தான். புங்கங்காட்டில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கட்டியதில்லை. சாமிக்கு வீடு கட்டலாம். மனுசனுக்குக் கட்டலாம், மாட்டுக்குக் கட்டலாம், கோழிக்குக்கூடக் கட்டலாம். போயும் போயும் அதற்கு ஒரு வீடு கட்டினான், அதுவும் பொண்டாட்டி சொன்னாள் என்று கட்டினான் என்று ஊர் பேசினால் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவது? கட்டி முடிக்கிற வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவன் நிபந்தனை போட்டான். என்னால் பொய் சொல்ல முடியாது, யாராவது கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் ஒத்துக்கொண்டாள். தீர்த்தகிரிக்கு அது போதுமானதாகத் தோன்றியது. அவன் அறிவு அவ்வளவுதான்.

போளூருக்குப் போய், நடுவில் ஓட்டை விட்ட சிமெண்டுப் பலகை ஒன்றை வாங்கினான். பழைய வேட்டியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினான். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. மலைக்கு வருகிற பஸ்ஸில் ஆட்டுக்கும் ஆளுக்கும் நடுவே இண்டு இடுக்கு இருக்காது. நெரிசலில் வேட்டி நழுவியது. கண்டக்டர் குனிந்து பார்த்தான்.

“இன்னாய்யா இது?”

“கெணத்து மூடி.”

“ஓட்ட எதுக்கு?”

“தண்ணி மொள்றதுக்கு.”

“ரெண்டு பக்கமும் பாதம் மாதிரி மேடு வெச்சிருக்குதே, அது எதுக்கு?”

“நின்னு மொள்றதுக்கு” என்று சொல்லிவிட்டுத் தீர்த்தகிரி கண்ணை மூடித் தூங்கிவிட்டான். ஜமுனாமரத்தூர் வரும் வரை அவன் தூக்கம் கலையவில்லை. அவன் காது மட்டும் சிவந்தபடியே வந்தது.

வீட்டுக்குப் பின்னால் புளிய மரத்தை ஒட்டி ஆழமாகக் குழி வெட்டினான். பாதி வெட்டும்போதே பக்கத்து வீட்டு வேடியப்பன் வேலிக்கு மேல் தலையை நீட்டி என்ன வேலை என்று கேட்டான். ஒரு குடிசை போடுகிறேன் என்றான் தீர்த்தகிரி. குழி எதற்கு என்று கேட்டதற்கு, சாமை கொட்டி வைக்க என்றான். வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தாயிற்று என்று நினைத்தான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். அந்த ஊரில் ஒருவன் குடிசை போடுகிறான் என்றால் கூப்பிடாமலே வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிடுவான். மூங்கில் கொண்டு வருவான், கூரைப் புல் கொண்டு வருவான், பொழுதுக்கும் வேலை செய்துவிட்டுப் போவான். யார் வீட்டு ஆள் வந்து என்ன வேலை செய்தானோ, அந்த வீட்டுக்குப் போய் அதே வேலையைத் திருப்பிச் செய்துவிட வேண்டும். அது ஊர் முறை. விடிந்ததும் விடியாததுமாக ஊர் ஆண்கள் எல்லாரும் புளிய மரத்தடியில் நின்றார்கள். ஊருக்கு முறை சொல்லுகிற ஊர்க்கவுண்டர் ரங்கனே ஒரு கட்டுப் புல்லோடு வந்திருந்தார். தீர்த்தகிரி அலறி அடித்துக்கொண்டு ஓடி, குழி மேல் பதித்து வைத்திருந்த சிமெண்டுப் பலகையின் மேல் சாமை வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் பாயை விரித்து, அதன் மேல் தானும் உட்கார்ந்துகொண்டான். சுவர் எழும்பிக் கூரை ஏறுகிற வரை அவன் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரன் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று யாரோ முணுமுணுத்ததற்கு, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றான்.

குடிசை ரொம்பச் சின்னதாக இருக்கிறதே, காலை நீட்டிப் படுக்க இடம் பத்தாதே என்று ரங்கன் கேட்டார். படுக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும் என்று தீர்த்தகிரி உளறினான். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மலையில் எந்த வீட்டுக்கும் சாமை ஒரே இடத்தில்தான் இருக்கும். அடுப்பு ஒன்று, சாமை ஒன்று. சாமை தனியாகப் பிரிகிறது என்றால் அடுப்பு பிரிகிறது என்று அர்த்தம். மகன் பிரிந்து போனால் பிரியும். தீர்த்தகிரிக்கு இருந்தது ஒரே மகள். அவளும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். அப்புறம் தனிக் குடிசையும் தனிச் சாமைக் குழியும் யாருக்கு? இரண்டாவதாக வரப் போகிறவளுக்குத்தான். ஊர் சுலபமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. வேடியப்பன் வேலி ஓரமாக அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், பொண்ணு எந்த ஊர், ஆள் கொஞ்சம் குட்டையோ என்று கேட்டான்.

தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். இல்லை என்றால் பின்னே என்ன என்று கேட்பார்களே. இரண்டாம் பொண்டாட்டியையும் கக்கூஸையும் மனசுக்குள் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். ஆம்பளைக்கு எது கௌரவம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. தலையைக் குனிந்து லேசாகச் சிரித்து வைத்தான். மறுநாள் தலைக்கு எண்ணெய்கூடக் கொஞ்சம் தாராளமாகத் தடவிக்கொண்டு போனான். சந்தையில் இரண்டு பேர் அவனுக்கு வெற்றிலை கொடுத்தார்கள். பேச்சு செந்தாமரை காதுக்கும் வந்தது. வழக்கம் போலக் களி கிண்டிப் போட்டாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க மறந்துவிடாதே என்று மட்டும் நினைவுபடுத்தினாள்.

இந்த லட்சணத்தில் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. முதல் பொண்டாட்டி சம்மதம் இல்லாமல் இன்னொருத்தியைக் கொண்டுவருவது முறை இல்லை என்று ரங்கனுடைய மனைவி மாதம்மாள் அவரை விரட்டியிருந்தாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் தீர்த்தகிரி, எண்ணெய் வழிய.

ரங்கன் முதலில் செந்தாமரையைத்தான் கேட்டார். இன்னொருத்தியைக் கொண்டுவருவதாக உன் வீட்டுக்காரன் உன்னிடம் சொன்னானா என்றார். சொல்லவில்லை என்றாள். அப்படியானால் அந்தக் குடிசை யாருக்கு என்றார்.

“அவரையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு, செந்தாமரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த எதிர் வீட்டுச் செல்லி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ரங்கன் முறையைச் சொன்னார். இரண்டாவது ஒருத்தி வருவதானால், வீட்டுக்குக் காசு வருகிற புளிய மரம் அத்தனையும் முதல் பொண்டாட்டிக்குப் போய்விடும். தீர்த்தகிரிக்குப் புளிய மரம் முதலில் கண்ணில் தெரிந்ததா, செந்தாமரை முதலில் தெரிந்தாளா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் அவன் பார்த்தது அவளைத்தான். இதே இடத்தில்தான் அவள் அன்றைக்குப் புடவையை வாரிக்கொண்டு ஓடினாள். இதே இடத்தில்தான் தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. இன்றைக்கு, ஒரு கக்கூஸைச் சொல்ல வெட்கப்பட்டு அவளை ஊர் முன்னால் அழவும் வைத்துவிட்டான். கூசிப் போனான். கால் விரலிலிருந்து காது வரைக்கும் கூசினான்.

“இன்னொருத்தியும் இல்ல ஒண்ணும் இல்லீங்க” என்றான்.

“அப்ப அது இன்னாடா?”

“கக்கூசுங்க.”

கூட்டத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னார்கள்.

“கக்கூசுங்க. எம்பொண்டாட்டிக்கு. கரடிக்கு பயந்து அவ ஓட வேணான்னு கட்டுனேன்.”

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. வேடியப்பன் தரையில் உருண்டான். தான் புல் சுமந்து வந்தது கக்கூஸுக்கா என்று ரங்கன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தீர்த்தகிரி நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட முடியுமா என்று பார்த்தான்.

பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. மாதம்மாள் எழுந்து நின்றாள். முறை என்றால் எல்லாருக்கும் முறைதான் என்று ஆரம்பித்தாள்.

“எங்க வூட்டு ஆளு இவரு வூட்டுக்குப் போய் கக்கூசு கட்டியிருக்காரு. மொறப்படி இவரும் எங்க வூட்டுக்கு வந்து அதே வேலயச் செய்யணும்.”

எங்களுக்கும் என்றாள் செல்லி. வேடியப்பன் பொண்டாட்டி முத்தம்மா எங்களுக்கும் என்றாள். அப்புறம் பெண்கள் வரிசையில் வாய் திறக்காதவள் யாரும் இல்லை. வேடியப்பன் உருளுவதை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தான். ரங்கன் முறையைச் சொல்லியே பழகியவர். மறுக்க முடியாமல் தலையை ஆட்டினார். ஊரில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டுக்கும் தீர்த்தகிரி குழி வெட்டியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மூலையில் சுருண்டு உட்கார்ந்தான். செந்தாமரை புதுச் சொம்போடு புளிய மரத்தடிக்குப் போய், உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகத் திரும்பி வந்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவன் பார்த்து வெகு நாளாயிற்று. அவமானத்துக்கு நடுவிலும் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. என்ன இருந்தாலும் பொண்டாட்டிக்காக ஊர் முன்னால் மானத்தை விட்டவன் அல்லவா.

“நீ அழுவறதப் பாத்ததாலதான் வாயத் தொறந்தேன் தாமர. இல்லன்னா கொன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன்.”

செந்தாமரை களியை உருட்டி அவன் தட்டில் வைத்தாள்.

“அது தெரிஞ்சிதான மாமா அழுதேன்.”