உப்பு பார்க்காத வண்டி

சுமை ஏற்றுவதற்கென்று ஒரு வண்டியைக் கண்டுபிடித்து மனித குலம் பெருமை தேடிக்கொண்டது. அந்த வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் தலைமுறைக் கணக்கில் காப்பாற்றி எங்கள் ஊர் அதைவிடப் பெரிய பெருமையைத் தேடிக்கொண்டது. மேற்கு மின்னசோட்டா பழைய பிக்அப் வண்டிகள் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற பொறுப்பில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

வண்டி, ஐம்பத்தாறாம் ஆண்டு செவ்ரோலே பிக்அப். வெளிர்பச்சை. எங்கள் ஊர் நெட்டியின் அப்பா வாங்கியது. மகள் பெயருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அதைக் 'கட்டிக் காத்தவர்' நெட்டியின் கணவர் ஆர்லோ. வண்டிக்குத் தனிக் கொட்டகை, கொட்டகைக்குத் தனி ஹீட்டர். வீட்டு ஹீட்டர் பழுதானால் நெட்டி இன்னொரு கோட்டை மாட்டிக்கொள்வார். வண்டி என்ன செய்யும், பாவம்? பின்தொட்டியின் மரப்பலகைகளுக்கு ஆர்லோ வாராவாரம் மெழுகு போடுவார். ஒரு முறை பக்கத்து வீட்டுப் பூனை அதில் ஏறிப் படுத்துவிட்டது. சங்கம் கூடி, பூனைக்குக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

அப்படிப்பட்ட வண்டியை விற்கப் போவதாக இந்த இலையுதிர் காலத்தில் நெட்டி அறிவித்தார். இடுப்பு சரியில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை, இன்னொரு பனிக்காலத்துக்கு முன் கீழேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் வேண்டும் என்றார். இந்த வயதில் என்ன ஆடம்பரம் என்று நாங்கள் வியந்தோம். ஆனாலும் ஆர்லோ பெருந்தன்மையோடு சம்மதித்தார். ஒரே நிபந்தனை: வாங்க வருகிறவர்களைச் சங்கம் நேர்காணல் செய்ய வேண்டும்.

முதலில் வந்தவன் பக்கத்துப் பண்ணைக்காரன் கஸ். கோடையில் தச்சு வேலை, பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புத் தூவும் காண்டிராக்ட். பணம் குறைவாகத்தான் இருக்கிறது, அதற்குப் பதில் அந்த அறையைத் தானே கட்டித் தருகிறேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதுல எவ்வளவு வெயிட் ஏத்தலாம்?" என்று கேட்டுவிட்டான்.

சங்கத் தலைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நேர்காணல் அத்துடன் முடிந்தது.

அடுத்து வந்தவர் அரிசோனாவிலிருந்து பல் டாக்டர் ப்ரெஸ்காட். கண்ணாடி அறை கட்டி வண்டியை உள்ளே நிறுத்துவாராம். எஞ்சினை உயிருள்ளவரை ஸ்டார்ட் செய்யமாட்டாராம். ஆர்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணைக் கொடுக்கிற இடம் இப்படியல்லவா அமைய வேண்டும்.

டாக்டர் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். எல்லோரும் சமையலறையில் உட்கார்ந்தோம். நெட்டி காபி ஊற்றினார்.

"ஒரே கேள்விதான். இது உப்பு பாத்திருக்கா?" என்றார் டாக்டர்.

பனி உருக எங்கள் ரோடுகளில் உப்பைக் கொட்டுவார்கள். பனியோடு இரும்பையும் அது தின்றுவிடும். ஆகவே இது வண்டியின் கற்பைப் பற்றிய கேள்வி.

"ஒரு பொட்டு உப்பு பட்டதில்ல," என்றார் ஆர்லோ. "வேணும்னா இவளையே கேளுங்க. இவ இடுப்பு ஒடைஞ்ச அன்னிக்கே நான் வண்டிய எடுக்கல."

பிறகு அந்த வரலாற்றை அவரே விளக்கினார். மூன்று பனிக்காலத்துக்கு முன் ஒரு காலை, நெட்டி பின்படியில் வழுக்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வருகிற வழியில் பள்ளத்தில் சரிந்துவிட்டது. வீட்டுக் கார் ஒர்க்ஷாப்பில். கொட்டகையில் வண்டி, டாங்க் நிறையப் பெட்ரோலோடு கதகதப்பாக நின்றது. ரோட்டிலோ அப்போதுதான் உப்புக் கொட்டியிருந்தார்கள்.

"என்ன பண்ணீங்க?" டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கொட்டகையப் பூட்டினேன். அவசரத்துல எவனாவது எடுத்துட்டா?"

"உங்க மனைவி?"

"கஸ்ஸோட எரு டிரெய்லர் இருந்ததே. அதுல போனா."

"ஒண்ணும் சொல்லலையா அவங்க?"

"வலிக்குதான்னு கேட்டேன். பரவாயில்லன்னா."

எங்கள் ஊரில் டிராக்டர் காலில் ஏறி நின்றாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வோம். அது மரியாதை. அந்த மரியாதையை மருத்துவச் சான்றிதழாக ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் ஆர்லோ.

டாக்டர் மெய்சிலிர்த்து, செக் எழுதப் பேனாவை எடுத்தார். நெட்டி காபிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்தார்.

"கஸ், அந்த ரூமைக் கட்டித் தரேன்னியே, இன்னும் அந்தப் பேச்சு இருக்கா? அப்ப வந்து வண்டிய எடுத்துக்கோ."

வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆர்லோவும் நாங்களும் சுத்தமாக மறந்திருந்தோம். டாக்டர் கிளம்பிப் போனார். மதியத்துக்குள் கஸ் வந்து, நெட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். ஆர்லோ பக்கத்திலேயே ஓடினார்.

"பின்னாடி எதையும் ஏத்திடாதப்பா."

"முதல்ல நெட்டி ரூமுக்குச் சிமெண்ட். பனி வந்துச்சுன்னா, உப்புதான்."

ஆர்லோ வாசலில் அப்படியே நின்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "அது தாங்காது நெட்டி," என்றார்.

"வலிக்குதான்னு கேட்டுப் பாரேன். பரவாயில்லன்னு சொல்லும்."

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம். வண்டிக்காக எழுந்து நின்று மௌனம் காத்தோம். இரண்டு பேர் விசும்பினார்கள். துக்க வீட்டுக்கு அனுப்புவதுபோல, தலைவர் வீட்டிலிருந்து ஆர்லோவுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் சாப்பாடு போயிற்று. எங்களுக்கு ஈர நெஞ்சம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நெட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே அவசரத்தோடுதான் கூடினோம்: சமயத்தில் கொட்டகையைப் பூட்டிய ஆர்லோவுக்குக் கேடயம் கொடுக்க.