திருநீறு இழுத்த மோதிரம்

போனில் கொஞ்ச நேரம் படித்துவிட்டு ரத்தினக் கல்லைப் பற்றிப் பேசுகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. ஆரணியில் ஒரு குடும்பம் எனக்குக் கொடுத்தது. (வருத்தப்படுவதாக இன்றுவரை காட்டிக்கொண்டதில்லை. நல்ல மனிதர்கள்.)

நிச்சயத்துக்கு மோதிரம் நான்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வைரம் ஊரே போடுகிறது. நான் பத்தோடு பதினொன்றா என்ன? சென்னையில் ஒரு கடையில் நீல டூர்மலினைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். அபூர்வமான கல். இப்படித் திருப்பினால் ஆழ்ந்த நீலம், அப்படித் திருப்பினால் மயில் கழுத்துப் பச்சை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் கொடுத்து நெய்த பட்டு மாதிரி. பட்டுப் புடவை வியாபாரியின் மகள் கோமதிக்கு வேறென்ன வாங்குவது?

நிச்சயத்தன்று மண்டபத்தில் பாயசம் அடிபிடித்தது. கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து நான் டப்பியைத் திறந்தேன். கோமதியின் அம்மா முகம் மாறியது.

"சனீஸ்வரன் கல்லாச்சே இது. ஜாதகம் பாக்காம நீலம் போடலாமாங்க மாப்ளே?"

"நீலம் இல்லீங்க அத்தை. இது டூர்மலின்."

"பேரு என்னவோ இருக்கட்டும். நீலமாத்தானே கீது? தட்டு மாத்துறதை அப்புறமா வெச்சிக்கலாம்."

அப்புறம் என்றால் நடக்காது என்று எனக்கே புரிந்தது. ஏதாவது பண்ணுங்கள் என்று கோமதி கண்ணாலேயே கெஞ்சினாள். பண்ணித் தொலைத்தேன்.

டூர்மலினைச் சூடாக்கினால் சாம்பலை இழுக்கும், நீலக்கல் இழுக்காது என்று போனில் படித்திருந்தேன். இரண்டும் வேறு என்று நிரூபித்துவிட்டால் தீர்ந்தது. சமையல்காரரிடம் இடுக்கி வாங்கி, மோதிரத்தைக் குத்துவிளக்குச் சுடரில் காட்டினேன். (தங்கம் கறுத்தது. என் அம்மாவின் முகம் அதைவிடக் கறுத்தது.) மண்டபத்தில் கைக்கு எட்டிய சாம்பல் திருநீறு மட்டும்தான். சூடு ஆற ஆற, கல்லைத் திருநீற்றுத் தட்டுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

திருநீறு துள்ளி வந்து கல்லில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? இதுதான் சயின்ஸ்" என்று நிமிர்ந்தேன். மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்லே திருநீறு பூசிகினு நிக்குது. இதைப் போய் விரல்ல போட்டுகினு பாத்திரம் கழுவுறதா? எங்க முருகருகிட்டயே இருக்கட்டும்."

தட்டு மாற்றினார்கள். என் அம்மா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அது கோமதிக்குப் பெரிதாக இருந்ததால் பட்டு நூல் சுற்றிப் போட்டுவிட்டேன். ஆரணியில் நூலுக்கா பஞ்சம்?

டூர்மலின் இன்றும் அத்தை வீட்டுப் பூஜை அறையில் முருகன் காலடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம். நான் பார்க்க வேண்டுமென்றால்கூடக் குளித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

கோமதி கையில் இன்னும் அந்த நூல் சுற்றிய மோதிரம்தான். (புடவைக்குத் தகுந்தமாதிரி நூலை மாற்றிக்கொள்வாள்.) நகைக்கடை வாசலில் நான் நடையைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், கேட்டுவிடுவாள்:

"இது எந்தச் சாமிக்குங்க?"