இன்வெர்ட்டர் மேல் வைத்த புழுக்கள்

மல்லேஸ்வரம், பெங்களூரு.

சம்பந்தி அனந்தபத்மநாபன் அவர்களுக்கு வெங்கடராமன் நமஸ்காரம். இங்கே நானும் என் முழங்கால்களும் சௌக்கியம். கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்பில் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் பக்கத்து அறை காலி என்று எழுதியிருந்தீர்களே, அதை எனக்குச் சொல்லி வையுங்கள். காரணம், உங்கள் பெண் ஸ்வர்ணாவின் புழுக்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் மின்சாரம் இருக்காது என்று அவள் பொடிப்பொடியான புழுக்களைச் சின்னத் தட்டுகளில் வைத்து, தெர்மகோல் பெட்டியில் வீட்டுக்கு எடுத்துவந்தாள். இளவயதில் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் தன் கழிவைத் தானே உடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும், வயதானால் அந்த வேலையில் சுணக்கம் வந்து நம் வீட்டுப் பரண் மாதிரி அடைந்துவிடும், அதைத்தான் இந்தப் புழுக்களிடம் பார்க்கிறோம் என்றாள், பரண் என்றது என்னையா புழுவையா என்று நானும் கேட்கவில்லை. ஜனவரிக் குளிரில் இந்த ஊரில் இட்லி மாவு பொங்காது, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி இன்வெர்ட்டர் மேல் வைப்பது என் பொறுப்பு, அன்று வைக்கும்போது இந்த ஜீவன்களுக்கும் குளிருமே என்று நாலு தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதே துண்டால் போர்த்தினேன். மாவு நன்றாகப் பொங்கியது. சாயங்காலம் வந்த ஸ்வர்ணா தட்டுகளைப் பார்த்து அழுதுவிட்டாள். எல்லாத் தட்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டுமாம், சூடு பட்டால் செல் பதறிவிடுமாம், பல மாத உழைப்பாம்.

ஸ்ரீஹர்ஷா என்னைத் திட்டவில்லை, பெற்ற பிள்ளை திட்டாததுதான் கஷ்டம். "இனிமே நீங்க எதையும் தொட வேண்டாம்ப்பா, ஸ்ட்ரெஸ் இல்லாம உக்காந்திருங்கோ" என்றான். அன்றிலிருந்து மாவு வைப்பதில்லை, கீரைக்காரியோடு கன்னடத்தில் பேரம் இல்லை, போனைத் தட்டினால் கீரை வாசலுக்கே வந்துவிடுகிறது. காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை, சம்பந்தி. உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்றால் அதை உங்கள் பக்கத்திலேயே வந்து செய்கிறேன்.

உங்கள் உடம்புக்கு பகவான் பலத்தையும் அங்கத்திய சமையல்காரருக்கு நல்ல புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
வெங்கடராமன்

பி.கு.: தபால்பெட்டி வரை தனியாகப் போகக் கூடாது என்று தடை இருந்ததால் இந்தக் கடிதம் சில வாரம் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் பெட்டியில் சௌகரியமாக இருந்த புழுக்கள் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. தூக்கிப்போட மனம் வராமல் ஸ்வர்ணா தனியே எடுத்து வைத்திருந்த என் நாலு தட்டில் மட்டும் இன்னும் நெளிகிறதாம். "லேசா சூடு பட்டதுல செல்லெல்லாம் முழிச்சிண்டு குப்பையைத் தள்ளியிருக்குப்பா" என்றாள். திரும்பச் செய்து பார்த்தால்தான் நிச்சயமாம், அதற்கு என் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நேற்றுக் காலை துணிப்பையை என் கையில் திணித்து, "போய்க் கீரைக்காரியோட சண்டை போட்டுட்டு வாங்கோ" என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகப் பசித்தது. ஆகவே அறை வேண்டாம். உங்களுடையதையும் காலி செய்துகொண்டு வந்துவிடுங்கள், இன்வெர்ட்டர் மேல் இடம் இருக்கிறது.