காற்றின் பலமும் எழுமலை ஜோடியும்

புத்தகத்தில் குதிரை என்று இருந்தால் குதிரையைத்தான் தேட வேண்டும். மாடு போதும் என்று நினைத்த புத்திசாலி நான்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியில் தற்காலிகத் தத்துவ விரிவுரையாளராக இருந்தேன். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தத்துவமும் அறிவியலும்தான் என் ஆராய்ச்சி. (கேட்டவர்கள் எல்லாரும், "சரிப்பா, சோத்துக்கு?" என்றார்கள்.) வேலை நிரந்தரமானால்தான் மீனாவைக் கட்டித் தருவேன் என்று எழுமலையில் அவள் அப்பா, என் தாய்மாமா, கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்குத் தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு பாடம் எடுக்க வேண்டும். சும்மா பேசினால் தூங்கிவிடுவார்கள் என்று பயந்து, அந்தக் காலத்துச் சோதனை ஒன்றை மைதானத்தில் செய்துகாட்டத் துணிந்தேன். இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால், இருபுறமும் குதிரை பூட்டி இழுத்தாலும் பிரியாது. வெளிக்காற்று அவ்வளவு பலமாக அழுத்தும். கோளத்தைக் கப்பலூர் பட்டறையில் செய்தாயிற்று. குதிரைக்கு எங்கே போவது? "இழுவைக்கு நல்ல ஜோடி மாடு வேணும் மாமா" என்று மட்டும் சொன்னேன். மாமா பெருமையோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

கோளத்திலிருந்த காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, மாடுகளை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி அதோடு கட்டினேன்.

"என்ன மாப்ள, தனித்தனியா நிறுத்துற?"

"நீங்க சும்மா பாருங்க மாமா."

குழுவைப் பார்த்து, "வெறும் காற்றிடம் இரண்டு காளைகள் தோற்கப்போகின்றன!" என்று முழங்கிவிட்டு, "ஹை!" என்றேன்.

வலப்பக்கத்து மாடு கிளம்பியது. இடப்பக்கத்து மாடு திரும்பிப் பார்த்தது. ஒரே நுகத்தில் பழகிய ஜோடி. கூட்டாளி போகும் திசையைத் தவிர வேறு திசை அதற்குத் தெரியாது. ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒற்றுமையாக என் கோளத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முதல்வரின் பூந்தொட்டிகளுக்குள் புகுந்தன. தொட்டியில் மோதிய கோளம் 'புஸ்'ஸென்று தானே பிரிந்தது. வாயில் செவ்வந்தியோடு நின்ற மாட்டை முதல்வர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாடம் முடிந்ததா?" என்றார்.

வேலை போயிற்று. மீனாவும் போனாள் என்று லாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். மாமா தோள் துண்டை நீட்டினார்.

"கண்ணத் தொடச்சுக்க மாப்ள. எம் மாட்ட நம்பித்தான கெட்ட? அந்தப் பாவத்துக்குப் பொண்ணக் குடுக்காம எப்பிடி?"

அடுத்த வருஷம் வேறு கல்லூரியில் வேலை கிடைத்தது. (கரும்பலகையோடு நிறுத்திக்கொண்டேன்.) இன்றும் நானும் மீனாவும் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டால், மகள் சமாதானம் பேச வருவதில்லை. "எழுமலை ஜோடிதான, விடுங்க. ஒண்ணு கெளம்புனா இன்னொண்ணு தானா வந்துரும்" என்பாள்.

பெரும்பாலும் திரும்பி ஓடிவரும் மாடு நான்தான்.